தென்னை, சணல், வாழை, கற்றாழை: எந்த நாரை எதற்கு எடுப்பது?

தொழில்நுட்ப ஜவுளியில் (உடுத்த அல்லாமல் சாலை, கார் என்று வேலைக்காகச் செய்யும் விரிப்பு, வலை, கயிறு போன்றவற்றில்) இறங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, ‘எந்த நார் ரொம்பப் பலம்?’ என்பதுதான். பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அந்த வரிசையில் தென்னை நார் எப்போதும் கடைசி. ஆனால் 2020-இல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் தென்னை நார் விரிப்பைப் பயன்படுத்த ஒப்புதல் கிடைத்தபோது, 7 மாநிலங்களில் 1,674 கிலோமீட்டர் சாலைக்கு அதைப் போடத் திட்டமிட்டார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் 369 கிலோமீட்டர். பட்டியலில் கடைசியாக நிற்கும் நாரைச் சாலைக்கு அடியில் விரிக்கிறார்கள் என்றால், பட்டியலை நாம்தான் சரியாகப் படிக்கவில்லை.

சிறிய அளவில் தொடங்குகிற ஒருவருக்கு உண்மையில் இருக்கும் வாய்ப்புகள் மூன்று. மண் அரிக்காமல் இருக்கச் சரிவிலும், சாலைக்கு அடியிலும் விரிக்கும் வலை அல்லது பாய். கார் கதவு, பஸ் உட்கூரை மாதிரியான இடங்களுக்குப் போகும் அழுத்திய பலகைக்கான ஃபெல்ட் (நாரைப் பின்னாமல் ஒன்றாகச் சேர்த்த தடித்த விரிப்பு). கயிறும் அதைச் சார்ந்த சாமான்களும். இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் நார்களைப் பார்க்கப் போகிறேன். துணிக்கான நூல் இங்கே பேச்சில்லை.

முதலில் எண்கள். இவை பல ஆய்வகங்களில் பல ஆண்டுகளாக வந்த அளவீடுகளின் வீச்சு. இழுவிசை வலிமை மெகா பாஸ்கலில், விறைப்பு கிகா பாஸ்கலில், முறியும் முன் நீட்சி சதவீதத்தில்.

| நார் | வலிமை | விறைப்பு | நீட்சி | செல்லுலோஸ் % | லிக்னின் % | நுண்ணிழைக் கோணம் |
|---|---|---|---|---|---|---|
| தென்னை | 130–220 | 4–6 | 15–40 | 32–43 | 40–45 | 30–49° |
| சணல் | 390–800 | 13–30 | 1–2 | 61–72 | 12–13 | சுமார் 8° |
| வாழை | 500–900 | 12–32 | 1–6 | சுமார் 63 | சுமார் 5 | 11–12° |
| கற்றாழை (சிசல்) | 470–640 | 9–22 | 2–7 | 66–78 | 10–14 | 10–22° |
| ஆளி | 345–1,500 | 27–80 | 1–3 | சுமார் 71 | சுமார் 2 | 5–10° |
| கண்ணாடி இழை | 2,000–3,500 | சுமார் 70 | சுமார் 2.5 | – | – | – |

பெரும்பாலானவர்களின் கண் முதல் நெடுவரிசையில் போய் நிற்கும். என்னைக் கேட்டால், கடைசி இரண்டு நெடுவரிசைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்துவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. லிக்னின் எவ்வளவு, நுண்ணிழைக் கோணம் எவ்வளவு என்று சொன்னால், அந்த நார் எப்படி நடந்துகொள்ளும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இரண்டும் என்ன என்பதை அடுத்துப் பார்ப்போம்.

நாருக்குள் என்ன இருக்கிறது

நாம் கையில் பிடிக்கிற ஒரு நார் உண்மையில் ஒரே இழை அல்ல. நீளமான செத்த செல்கள் பல பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் கட்டு. செல்லின் சுவருக்குள் செல்லுலோஸ் நுண்ணிழைகள் சுருளாகச் சுற்றிப் போகின்றன. சுற்றி இருப்பது ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் கலந்த பசை. சுவரில் பல அடுக்குகள் உண்டு என்றாலும் தடிமனானது நடு அடுக்கு. நாரின் குணம் பெரும்பாலும் அந்த அடுக்கில்தான் முடிவாகிறது.

அந்த அடுக்கில் நுண்ணிழைகள் நாரின் நீளவாக்கிலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கின்றன என்பதுதான் நுண்ணிழைக் கோணம். சணலில் 8 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட நேராக ஓடுகின்றன. இழுத்தால் செல்லுலோஸையே இழுக்கிறீர்கள். அது நீளாது, தாங்கும், ஒரு கட்டத்தில் பட்டென்று போகும். தென்னையில் கோணம் 45 டிகிரிக்குப் பக்கத்தில். பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை இழுப்பது போல, முதலில் சுருள் பிரிகிறது. கம்பி நீள்வது பிறகுதான். அதனால்தான் தென்னை நார் மூன்றில் ஒரு பங்கு வரை நீண்டுவிட்டு முறிகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. முறிவதற்குள் ஒரு நார் எவ்வளவு ஆற்றலை விழுங்குகிறது என்பது விசை–நீட்சி வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு. சணலுக்கு 600 மெகா பாஸ்கல், 1.5 சதவீதம் என்று எடுத்தால், முக்கோணமாக வைத்துப் பார்க்க, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 4.5 மெகா ஜூல் வரும். தென்னைக்கு 175 மெகா பாஸ்கல், 30 சதவீதம். அதையும் வெறும் முக்கோணமாகவே எடுத்தால்கூட 26 வருகிறது. உண்மையில் தென்னையின் வளைகோடு ஆரம்பத்தில் நேராக ஏறி, பிறகு வளைந்து நீளமாகப் போவதால் பரப்பு இதைவிடக் கூடும். ‘பலமில்லாத’ நார் சணலைப்போல் ஐந்தாறு மடங்கு அடியைத் தாங்குகிறது. ரப்பர் பூசிய தென்னை நார் மெத்தையாகவும் வண்டி சீட்டாகவும் போனதற்குக் காரணம் இதுதான். அங்கே யாருக்கும் இழுவிசை வலிமை வேண்டியதில்லை. அமுங்கி எழுந்தால் போதும்.

அடுத்தது லிக்னின். மரத்தை மரமாக வைத்திருக்கும் பொருள் இது. மண்ணில் உள்ள பூஞ்சையும் பாக்டீரியாவும் ஹெமிசெல்லுலோஸையும் செல்லுலோஸையும் சுலபமாகத் தின்னும். லிக்னினை மெல்ல நேரமாகும். ஹெமிசெல்லுலோஸ் தண்ணீரையும் இழுக்கும். ஆக, லிக்னின் அதிகமுள்ள தென்னை மண்ணிலும் தண்ணீரிலும் நீடிக்கும்; குறைவாக உள்ள வாழையும் ஆளியும் நீடிக்காது. லிக்னினுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் முதலில் அதைத்தான் சிதைக்கிறது. சணல் சாக்கை மொட்டை மாடியில் போட்டு வைத்தால் பழுப்பேறி நொய்ந்து போவதில் இதற்கும் பங்கு உண்டு.

திருவனந்தபுரத்தில் இருந்த மண்டல ஆராய்ச்சிக் கூடம் (இன்றைக்கு அதன் பெயர் வேறு) 1980-களில் தென்னை, வாழை நார்களை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தது. தென்னை நாரின் மேற்பரப்பில் வரிசையாகக் குட்டிக் குட்டி மொட்டுகள் தெரியும். அவை நாரின் துளைகளை அடைத்திருக்கும் திட்டுகள். காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் அவை கழன்று, துளைகள் திறந்து, மேற்பரப்பு கரடுமுரடாகிறது. பலகை செய்யும்போது நாரோடு சேர்க்கும் பிசின் அந்தத் துளைகளில் புகுந்து பிடித்துக்கொள்கிறது. இன்றைக்கும் ‘ஆல்கலி ட்ரீட்மென்ட்’ என்று எல்லாக் கல்லூரிப் புராஜெக்ட்டிலும் செய்வது இதையேதான். பெரும்பாலும் 5 சதவீதக் கரைசல். கூடுதல் செறிவும் கூடுதல் நேரமும் கொடுத்தால் நாரே கெட்டுப்போகும். கழிவுத் தண்ணீரை எங்கே விடுவது என்ற கேள்வியும் கூடவே வரும். அதற்கான செலவைப் புராஜெக்ட் அறிக்கைகளில் நான் பார்த்ததில்லை.

எண்கள் ஏன் இப்படி விரிந்து கிடக்கின்றன

ஆளிக்கு 345 முதல் 1,500 வரை என்று இருப்பதைப் பார்த்து, ‘இது என்ன அளவீடு?’ என்று தோன்றுவது நியாயம். ஒற்றை நாரைச் சோதிப்பது எப்படி என்று தெரிந்தால் ஆச்சரியம் போய்விடும். தடித்த காகிதத்தில் ஜன்னல் மாதிரி ஒரு கட்டம் வெட்டுவார்கள். அதன் குறுக்கே ஒரு நாரை வைத்து, இரண்டு முனையிலும் ஒரு சொட்டு பசை. மைக்ரோஸ்கோப்பில் நாலைந்து இடத்தில் விட்டம் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். காகிதத்தை மெஷினின் பிடியில் மாட்டிய பிறகு, ஜன்னலின் இரண்டு பக்கச் சட்டங்களையும் கத்தரியால் நறுக்கிவிட்டால் பிடிகளுக்கு நடுவில் நார் மட்டும் தொங்கும். அந்த நறுக்கலிலேயே சில நார்கள் போய்விடும். மீதியை இழுத்துப் பார்த்து, கிடைத்த விசையைக் குறுக்குப் பரப்பால் வகுக்க வேண்டும்.

பிரச்சினை அந்தப் பரப்பில்தான். நாரை வட்டம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறோம். எந்த நாரும் வட்டமில்லை. சணலின் வெட்டுமுகம் கோணல் மாணலான பலகோணங்களின் கூட்டம். கற்றாழை இலையின் ஓரத்து நார் குதிரை லாட வடிவில்கூட இருக்கும். தென்னை நாரின் நடுவில் ஒரு பொந்து, ஒவ்வொரு செல்லிலும் ஒரு துளை. விட்டத்தில் 10 சதவீதம் பிசகினால் வலிமையில் 20 சதவீதம் பிசகும். போதாக்குறைக்கு, சோதிக்கும் துண்டு நீளமானால் அதில் ஒரு பழுது அகப்படும் வாய்ப்பும் கூடுகிறது. அதனால் ஒரே நார் 10 மில்லிமீட்டரில் காட்டிய வலிமையை 50 மில்லிமீட்டரில் காட்டாது. யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எத்தனை மில்லிமீட்டர் துண்டு என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. மெகா பாஸ்கல் என்பது பரப்பால் வகுத்த எண். கையில் ஒரு தென்னை நாரையும் ஒரு சணல் நாரையும் எடுத்து இழுத்தால், சட்டென்று அறுவது சணல். தென்னை நார் 0.2 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அது 150 மெகா பாஸ்கலில் தாங்குவது கிட்டத்தட்ட அரைக் கிலோ. சணல் நார் 0.05 மில்லிமீட்டர் என்றால் 500 மெகா பாஸ்கலிலும் தாங்குவது 100 கிராம்தான். பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லில் வேலை செய்கிறவரிடம் போய்ச் சணல்தான் பலம் என்று சொன்னால் சிரிப்பார். அவர் கை சொல்வதும் பொய்யில்லை.

சரிவுக்கும் சாலைக்கும்: தென்னையா, சணலா?

இங்கே போட்டி இந்த இரண்டுக்கும் மட்டும்தான். இரண்டுக்கும் இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது: தென்னை நார் வலைக்கு ஐ.எஸ். 15869, சணல் விரிப்புக்கு ஐ.எஸ். 14715. டெண்டரில் பேச இது முக்கியம். வாழை நாரிலும் வலை பின்னலாம். தர எண் இல்லாத பொருளை நெடுஞ்சாலைத் துறை எப்படி வாங்கும்?

சணலின் பக்கம் சொல்ல நிறைய இருக்கிறது. நனைந்தால் ஊறிப் பருத்து, தன் எடையைப்போல் நாலைந்து மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மென்மையாக இருப்பதால் மேடுபள்ளமான மண்ணில் ஒட்டிப் படுக்கும். ஊறிய நூல் ஒவ்வொன்றும் சரிவில் வழியும் தண்ணீருக்குக் குட்டித் தடுப்பணையாக நிற்கும். கீழே விதை சீக்கிரம் முளைக்கும். ஒரே மழைக்காலத்தில் புல் பிடித்துவிடும் இடம், சரிவும் மிதமானது என்றால், சணலை எடுப்பதில் தவறே இல்லை. ஓராண்டுக்குள் அது மக்கி மண்ணோடு போவது அங்கே குறையல்ல, வசதி.

செங்குத்தாக வெட்டிய சரிவு, செம்பூராங்கல் மண், முதல் பருவத்தில் புல் பிடிக்குமா என்ற சந்தேகம் இருக்கும் இடம் என்றால் கதை வேறு. ஒரே மண்ணில் இரண்டையும் புதைத்துப் பார்த்தால் சணல் வாரக் கணக்கில் பலம் இழக்கும்; தென்னை மாதக் கணக்கில். தென்னை வலை சரிவில் பொதுவாக 2 முதல் 5 ஆண்டு நிற்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு பருவம் பொய்த்தாலும் அடுத்த பருவத்துக்கு வலை அங்கே இருக்கும். சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என்று எடைப் பிரிவுகள் உண்டு. சரிவு கூடக் கூட எடையும் கூட வேண்டும்.

நான் தென்னையின் பக்கம். காரணம் ஆயுள் மட்டும் அல்ல. சரிவில் விரிப்பை முளையடித்துப் பதித்த பிறகு மண் கொஞ்சம் நகரும், கல் உருளும், மாடு ஏறி இறங்கும். 2 சதவீதத்தில் அறுந்துபோகும் நாரைவிட 20 சதவீதம் நீண்டு கொடுக்கும் நார் அங்கே பிழைத்துக்கொள்கிறது. சாலைக்கு அடியிலும் அப்படித்தான். களிமண் தளத்தில் ஜல்லி போட்டு ரோலர் விடும்போது ஜல்லி மண்ணுக்குள் புதைந்துவிடாமல் பிரித்து வைப்பதும், மண் இறுகும் வரை தாங்குவதும்தான் விரிப்பின் வேலை. மண் இறுகியபின் விரிப்பு மக்கினாலும் சாலை நிற்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். மேல் மண் அரிப்பைத் தடுக்கத்தான் இந்த வலைகள். நீலகிரியில் நடப்பதைப்போல மலையே சரிந்து வந்தால் தென்னை வலையும் சணல் வலையும் அதோடு சேர்ந்து வரும். ஆழமான சரிவுக்குக் கம்பி அறைந்து பிணைக்கும் வேலை தனி. வலையை விற்கும் ஆர்வத்தில் இதை மறைக்கிற ஏஜெண்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

பலகைக்கு: சணல், வாழை, இறக்குமதி ஆளி

இங்கே கதை தலைகீழ். நீட்சியும் மக்காத தன்மையும் பலகைக்குள் பயன்படாது. விறைப்பும் குறைந்த எடையும்தான் வேண்டும். நாரையும் பாலிபுரொப்பிலீன் இழையையும் சரிபாதியாகக் கலந்து, கார்டிங் செய்து (சீவிப் பிரித்து), ஊசியால் குத்தி ஃபெல்ட் ஆக்கி, சூடேற்றி அச்சில் அழுத்தினால் கதவுப் பலகை வந்துவிடும். ஐரோப்பியக் கார்களில் இது பழைய சங்கதி.

பாலிபுரொப்பிலீன் ஏன்? அது 165 டிகிரிக்குள் உருகிவிடும். தாவர நாருக்கு 200 டிகிரிதான் எல்லை. அதைத் தாண்டினால் ஹெமிசெல்லுலோஸ் சிதையத் தொடங்கி நிறம் கறுத்து, வாசனையும் வரும். நைலான் 220 டிகிரியில் உருகுவதால் அதோடு கலக்கும் யோசனையே வேண்டாம். எந்தப் பிளாஸ்டிக் என்று முடிவு செய்வது இங்கே நார்தான்.

கண்ணாடி இழையோடு ஒப்பிட்டால் சணல் பாவமாகத் தெரியும்: விறைப்பில் 70-க்கு எதிரே 25. ஆனால் பலகை வளைவதை எதிர்ப்பது அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. லேசான பொருள் என்றால் அதே எடைக்குத் தடிமனான பலகை கிடைக்கும். இதற்கு வைக்கும் அளவுகோல் விறைப்பின் கனமூலத்தை அடர்த்தியால் வகுத்தது. கண்ணாடி இழைக்கு அடர்த்தி 2.55, வருவது 1.6. சணலுக்கு அடர்த்தி 1.4, வருவது 2.1. ஆளிக்கு விறைப்பை நடுத்தரமாக 50 என்று வைத்தால் 2.5. நார் அளவில் போட்ட கணக்குதான் இது, பிசினைச் சேர்த்தால் எண்கள் குறையும். ஆனாலும் கார்க் கம்பெனிகள் ஏன் சணல், புளிச்சை நார்ப் பக்கம் போனார்கள் என்பது இதில் தெரிகிறது. இழுத்துத் தொங்கவிடும் சாமானுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே கண்ணாடி இழைதான்.

ஆளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் தனிச் செல்லே 25, 30 மில்லிமீட்டர் நீளம்; சணலின் செல் 2, 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. அதனால் ஆளியில் பசையை நம்பாமல் செல்லுலோஸே சுமையைத் தாங்கிக்கொள்கிறது. பந்தயக் கார் சீட்டு வரை போனதற்குக் காரணம் அதுதான். ஆனால் நாருக்கான ஆளி விளைவது பிரான்ஸ், பெல்ஜியம் கடலோரத்தில்; நம் நாட்டில் ஆளி பயிரிடுவது விதைக்கும் எண்ணெய்க்கும். டாலர் கொடுத்து வாங்கிக் கட்டுப்படியாகும் சாமான் உங்களிடம் இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் கடந்து போகலாம்.

வாழைதான் எல்லோருக்கும் ஆசை காட்டும் நார். தேனி, திருச்சி, தூத்துக்குடி என்று கண்ணுக்கு எட்டிய தூரம் தோப்பு. தார் வெட்டியபின் மரம் வீண். எண்களும் சணலைவிட ஒரு படி மேல். திருச்சியில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் அபாக்கா நாரை 2004-இல் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரின் ஸ்டெப்னி மூடிக்குப் போட்டார்கள் என்ற கதையையும் யாராவது சொல்லிவிடுவார்கள். கதை உண்மைதான். ஆனால் அபாக்கா நாருக்கென்றே வளர்க்கும் வேறு வாழை இனம். பூவன் மரத்து நாரும் அதுவும் ஒன்றல்ல.

வாழையில் எனக்குத் தயக்கம் நாரின் குணத்தில் இல்லை, அது வரும் வழியில். மரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிலோ தண்டைச் சுமந்து வந்து மெஷினில் விட்டால் 1 கிலோ நார் கிடைப்பதே அதிகம். வெட்டிய சில நாட்களுக்குள் உரித்துவிட வேண்டும், இல்லையென்றால் கறை ஏறும். வெளிப்பட்டையின் நார் முரடு, உள்பட்டையின் நார் மெல்லிசு. இரண்டும் ஒரே கட்டில் கலந்து வரும். கைப்பைக்கும் விரிப்புக்கும் அந்த வித்தியாசம் அழகு. கார்டிங் மெஷினுக்கு அது தலைவலி. மாதா மாதம் ஒரே தடிமனில் ஃபெல்ட் கேட்கும் வாடிக்கையாளருக்கு இன்னும் பெரிய தலைவலி. தோப்பிலேயே உரித்து, பட்டைவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் ஆள் உங்களுக்குக் கிடைத்தால் என் பேச்சைக் கேட்க வேண்டாம், வாழையை எடுங்கள். இல்லாத வரை பலகைக்குச் சணல்.

சணலிலும் ஒரு பொறி உண்டு. மில்லில் நூற்ற சணல் நூலிலோ, நூற்பின் கழிவிலோ எண்ணெய் இருக்கும். நார் மிருதுவாக வேண்டும் என்று பேட்சிங் ஆயில் தெளித்துத்தான் நூற்பார்கள். அந்த எண்ணெய் பாலிபுரொப்பிலீனோடு நாரை ஒட்டவிடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் மண்ணெண்ணெய் வாசனையும் அடிக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று மில் கழிவை வாங்கி, வாசனைச் சோதனையில் மொத்த லோடும் திரும்பி வந்த யூனிட்டுகள் உண்டு. பலகைக்கு எண்ணெய் படாத கச்சாச் சணலைக் கேட்டு வாங்க வேண்டும்.

விலையும் நிலையாக நிற்காது. தானிய மூட்டைக்குச் சணல் சாக்கைக் கட்டாயமாக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால், அறுவடைக் காலத்தில் அரசு சாக்கு ஆர்டர் போடும்போது மில்கள் நல்ல நாரை அள்ளிக்கொள்ளும். தென்னைக்கு இதே வேலையைச் சீன இறக்குமதியாளர்கள் செய்கிறார்கள். அவர்கள் வாங்கினால் பொள்ளாச்சியில் நார் பறக்கும், நிறுத்தினால் மில் வாசலில் குவியும்.

தென்னை நாரைப் பலகைக்குப் போடவே கூடாதா? அதே அளவுகோலில் அதற்கு வருவது 1.5, கண்ணாடி இழைக்குக் கொஞ்சம்தான் கீழே. ஆனால் முரட்டு நார் என்பதால் பிளாஸ்டிக் அதை முழுதாக நனைக்காது, மேற்பரப்பும் வழுவழுப்பாக வராது. சத்தம் அடக்கும் பலகை, பேக்கிங் திண்டு, நடைபாய் என்று போகலாம். அங்கே அதன் பொந்தே பலம்.

கயிறு, சாந்து, பாலிஷ் சக்கரம்: கற்றாழை

ரயில் பாதை ஓரம் வேலியாக நிற்கும் அந்த நீலப்பச்சைக் கற்றாழையை நம் ஊரில் யாரும் பயிராக மதிப்பதில்லை. ஓர் இலையில் ஏறத்தாழ 1,000 நார்; இலை எடையில் நாலு சதவீதம் நாராகத் தேறும், அதாவது வாழையைப்போல் நாலு மடங்கு. கோணம் 20 டிகிரிக்குப் பக்கம் என்பதால் சணலைவிட நீளும், தென்னையைவிட விறைப்பு. முரடான, நீளமான, ஒரே சீரான நார். பேல் கட்டும் கயிறு, பாத்திரம் பளபளப்பாக்கும் பாலிஷ் சக்கரம், ஜிப்சம் பலகைக்குள் போடும் நார் என்று இதற்கு நிலையான சந்தை உண்டு. உப்புத் தண்ணீர் என்றால் மட்டும் யோசியுங்கள். அங்கே அபாக்காவும் தென்னையும் இதைவிட நன்றாக நிற்கும்.

சிமென்டில் கலக்கலாமா என்று கட்டடக்காரர்கள் கேட்பார்கள். சிமென்டின் காரத்தன்மை நாரின் பசையைக் கரைத்துவிடும். முதல் மாதம் விரிசலைத் தடுக்கும். சில ஆண்டுகளில் நார் நொறுங்கிப் பலகை மறுபடி உடையக்கூடியதாகும். பூச்சில் வரும் ஆரம்ப கால விரிசலைத் தடுக்க மட்டும் என்றால் சரி. கூரைத் தகடு என்று யாராவது சொன்னால் பத்து வருடம் நின்ற தகட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

பனந்தும்பு, சணப்பு, புளிச்சை என்று சொல்லாமல் விட்டவை நிறைய. புளிச்சை நார் குணத்தில் சணலுக்குத் தம்பி. சணல் கிடைக்காத நாளில் அப்படியே மாற்றிப் போடலாம். இலவம் பஞ்சு தனி ரகம். உள்ளே காற்று அடைத்த குழாய், மேலே மெழுகு. தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் உறிஞ்சும். எண்ணெய்க் கசிவு துடைக்கும் பாய் செய்ய நினைக்கிறவர் மற்ற நான்கையும் மறந்துவிட்டு அதைத்தான் பார்க்க வேண்டும்.

எதை எடுத்தாலும் லோடு இறங்கும்போது ஈரத்தைப் பார்த்துவிடுங்கள். சணலுக்கு வணிகத்தில் ஒப்புக்கொண்ட ஈர அளவு 13.75 சதவீதம், அதற்கு மேல் இருப்பதெல்லாம் நார் விலையில் வாங்கும் தண்ணீர். கட்டின் வெளிப்புறத்தில் மீட்டரைக் குத்தினால் எப்போதும் நல்ல எண்தான் வரும். கட்டைப் பிரித்து நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்தால் ஈரம் தெரியும். அது தெரிந்தபின் பில்லில் கையெழுத்துப் போட்டால் போதும்.